ரப்பருக்கு விலக்கு, ரப்பர் கலவைக்கு வழி

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் இடையே 1865-இல் ஒரு வணிக உடன்படிக்கை ஏற்பட்டது. கொச்சியும் அதில் சேர்ந்திருந்தது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் சரக்கு தீர்வையின்றிப் போய்வரலாம் என்பது சாரம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கும் மாட்டுவண்டிகளுக்கு அது பெரிய விடுதலை. சவுக்கையில் வண்டியை நிறுத்திப் பொதியைப் பிரித்துக் காட்டி, பேரம் பேசி, தீர்வை கட்டி வந்த வியாபாரிகளுக்கு அந்தத் தொல்லை தீர்ந்தது.

நான்கு சரக்குகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. புகையிலை, உப்பு, அபின், சாராயம். காகிதத்தில் அரை வரிகூட வராத பட்டியல். ஆனால் அன்றைய சமஸ்தானக் கஜானாவுக்கு நிலவரியை விட்டால் பெரும் பணம் வந்த இடங்களில் உப்பும் புகையிலையும் முன்வரிசையில் இருந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலைக்குத் திருவிதாங்கூர்தான் பெரிய சந்தை. திவான் மாதவராவ் 1860-இல் மிளகு ஏகபோகத்தை ஒழித்தார். 1863-இல் புகையிலை ஏகபோகத்தையும் கைவிட்டு, அதன் இடத்தில் இறக்குமதித் தீர்வையை வைத்தார். அந்தத் தீர்வையை 1865 உடன்படிக்கை தொடவில்லை. மாதவராவ் கெட்டிக்காரர். தடையற்ற வணிகம் என்று பெயரும் வாங்கினார், பணம் வரும் வாசலையும் பூட்டியே வைத்திருந்தார்.

இன்றைய வணிகப் பேச்சுவார்த்தைகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. எவ்வளவு வரி குறைகிறது என்பது தலைப்புச் செய்தியாகும். எது குறைப்புக்கு வெளியே நிற்கிறது என்பது பின்னிணைப்பில் இருக்கும். பேரம் முழுவதும் நடப்பது பின்னிணைப்பில்தான்.

உலக வர்த்தக அமைப்பு 1995-இல் தொடங்கியபோது, வளர்ந்த நாடுகள் தங்கள் வேளாண் இறக்குமதி வரிகளை ஆறு ஆண்டுகளில் சராசரியாக 36 சதவீதம் குறைப்பதாக ஒப்புக்கொண்டன. ஒவ்வொரு பொருளிலும் குறைந்தது 15 சதவீதம் குறைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு பொருள்களை எடுத்துப் போட்டுப் பாருங்கள். அரிசி, சர்க்கரை, பால் பொருள் ஆகிய மூன்றிலும் வரி 200 சதவீதம். மூன்றிலும் 15 சதவீதம் மட்டும் குறைத்தால் வரி 170-இல் நிற்கும். நான்காவது, யாரும் கவலைப்படாத ஏதோ ஒரு பொருள். அதன் வரியே 4 சதவீதம்தான். அதை அடியோடு எடுத்துவிட்டால் அது 100 சதவீதக் குறைப்பு. 15, 15, 15, 100. கூட்டி நாலால் வகுத்தால் 36 தாண்டுகிறது. வாக்கு காப்பாற்றப்பட்டது, அரிசிக்கும் சர்க்கரைக்கும் கதவு மூடியே இருக்கிறது.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போனது. அரிசிக்கு வரி விகிதம் நிர்ணயிப்பதற்கே விலக்குக் கேட்டு வாங்கியது. அந்த விலக்கு சும்மா கிடைக்கவில்லை. உள்நாட்டு நுகர்வில் 4 சதவீதத்தில் தொடங்கி 8 சதவீதம் வரை வெளிநாட்டு அரிசியை உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு கிடைத்தது. அந்தச் சுமை ஏற ஏற, 1999-இல் விலக்கை விட்டுவிட்டு வரி போட்டது; அது பிறகு கிலோவுக்கு 341 யென்னில் நின்றது. இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 7.7 லட்சம் டன் அரிசியை வாங்கியே ஆக வேண்டும். விலக்குக்கு விலை உண்டு என்பதை ஜப்பான் அரிசி விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

தோகா சுற்றுப் பேச்சில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. வரி எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழமாக வெட்டுவது என்று சூத்திரம் வகுத்தார்கள். உடனே வளர்ந்த நாடுகள் ‘எளிதில் பாதிக்கப்படும் பொருள்கள்’ என்று ஒரு பிரிவைக் கேட்டன. இந்தியாவும் இந்தோனேசியாவும் இருந்த ஜி-33 அணி ‘சிறப்புப் பொருள்கள்’ என்று ஒரு பிரிவைக் கேட்டது. 2008 ஜூலையில் ஜெனீவாவில் மேசைக்கு வந்த வரைவில், வளரும் நாடுகள் 12 சதவீதப் பொருள் வரிசைகளைச் சிறப்புப் பொருள்களாக ஒதுக்கலாம், அதில் 5 சதவீதத்துக்கு வெட்டே வேண்டாம் என்று இருந்தது. அந்தக் கூட்டம் முறிந்தது வேறொரு பிரிவில்: இறக்குமதி திடீரென்று குவிந்தால் வரியை உயர்த்தும் பாதுகாப்பு ஏற்பாடு எப்போது செயல்படலாம் என்பதில்.

5 சதவீதம், 12 சதவீதம் என்றால் ஏதோ ஓரத்தில் கிள்ளுவதுபோலத் தோன்றும். கிம் ஆண்டர்சனும் வில் மார்ட்டினும் உலக வங்கிக்காகத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. வளர்ந்த நாடுகள் வெறும் 2 சதவீத வேளாண் வரிசைகளையும் வளரும் நாடுகள் 4 சதவீதத்தையும் ஒதுக்கி வைத்து, அவற்றில் லேசாக மட்டும் வெட்டினால் போதும். வேளாண் வரிக் குறைப்பால் உலகுக்குக் கிடைக்க வேண்டிய நன்மையில் முக்கால் பங்கு போய்விடும் என்றது. காரணம் எளிது. உயரமான வரிகள் எல்லாப் பொருளிலும் பரவிக் கிடக்கவில்லை. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில பொருள்களில் குவிந்து கிடக்கின்றன. ஒதுக்கச் சொன்னால் எல்லா நாடும் அவற்றைத்தானே ஒதுக்கும்? எந்தப் பொருளுக்கும் 200 சதவீதத்துக்கு மேல் வரி கூடாது என்று ஓர் உச்சவரம்பு வைத்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்கோடு நிற்கும் என்றும் அதே ஆய்வு சொன்னது.

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் விலக்கே கூடாது’ என்று முடிவுகட்டும் பொருளாதார வல்லுநர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஆறு இலக்கக் கணக்கில் வேளாண் பொருள் வரிசைகள் ஏறக்குறைய 700. ஒரு மாவட்டத்தின் பிழைப்பு அதில் நாலைந்து வரிசைகளில்தான் இருக்கிறது. டெல்லியில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே; கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் அதுதான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம். என் வழக்கு வேறு: விலக்குப் பட்டியல் போடத்தான் வேண்டும். ஆனால் இந்தியா போட்டு வந்த பட்டியல்கள், பெயரைக் காத்துப் பொருளைக் கைவிடுபவையாக இருந்திருக்கின்றன. அதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பரைவிடத் தெளிவான சான்று கிடையாது.

முதலில் ஒரு வேடிக்கை. உலக வர்த்தக அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தத்தில் எவையெல்லாம் வேளாண் பொருள் என்று ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. பருத்தி இருக்கிறது, கச்சாப் பட்டு இருக்கிறது, ஆட்டு ரோமம் இருக்கிறது, பதனிடாத மாட்டுத்தோல்கூட இருக்கிறது. ரப்பர் இல்லை. தென்னை நார் இல்லை. மீனும் மீன் பொருளும் இல்லை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ரப்பர், தென்னை நார், மீன் மூன்றையும் எடுத்துவிட்டால் குமரி மாவட்டத்தில் மிச்சம் என்ன? தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும் முன்னே பால்வெட்டுக்குப் போகிற அருமனைக்காரர், ஜெனீவாவின் கணக்கில் விவசாயியே அல்லர். தொழிற்சாலைச் சரக்கு உற்பத்தி செய்பவர். ஆகவே வேளாண்மைக்காக இந்தியா வாதாடிப் பெற்ற 100 சதவீதம், 150 சதவீதம், சமையல் எண்ணெய்க்கு 300 சதவீதம் போன்ற உயரமான உச்சவரம்புகள் எதுவும் அவரைச் சேரவில்லை. உலர் ரப்பருக்கு 25 சதவீதத்துக்கு மேல் வரி போட முடியாதபடி இந்தியா தன் கையைக் கட்டிக்கொண்டது. 2015-இல் 20-ஐ 25 ஆக உயர்த்தியபோது அந்தக் கூரையில் தலை முட்டிவிட்டது. அதிலும் ‘25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், எது குறைவோ அது’ என்ற வால் உண்டு.

சரி, தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா செய்த ஆசியான் ஒப்பந்தத்துக்கு வருவோம். 2009 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலகின் ரப்பரில் பெரும்பங்கு தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம், மலேசியா ஆகிய ஆசியான் நாடுகளில்தான் விளைகிறது. பேச்சின் தொடக்கத்தில் இந்தியா 1,400-க்கும் மேற்பட்ட பொருள்களை வரிக் குறைப்பிலிருந்து விலக்கக் கேட்டது. மறுதரப்பு முகம் சுளிக்க, பட்டியல் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் 489-இல் நின்றது. அதில் 302 வேளாண் பொருள்கள். பாமாயில், காபி, தேயிலை, மிளகு ஆகியவை விலக்கிலும் சேராமல் முழுக் குறைப்பிலும் சேராமல் ‘சிறப்புப் பொருள்கள்’ ஆயின. கச்சாப் பாமாயில் வரி 80-லிருந்து 37.5 சதவீதத்துக்கும், சுத்திகரித்தது 90-லிருந்து 45-க்கும், காபியும் தேயிலையும் 100-லிருந்து 45-க்கும், மிளகு 70-லிருந்து 50-க்கும் 2019 இறுதிக்குள் இறங்க வேண்டும் என்று ஏற்பாடு.

இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. ‘ரப்பர் விவசாயிகளுக்கு ஒரு பாதிப்பும் வராது’ என்று டெல்லியிலிருந்து சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பட்டியலைத்தான் பார்த்துச் சொன்னார்கள். நாமும் அதையே பார்ப்போம். மரத்தில் வெட்டி, சிரட்டையில் வடியும் பால் சுங்க அட்டவணையில் 400110. அதைத் தட்டில் ஊற்றி, ஆசிட் சேர்த்து உறையவைத்து, உருளையில் அடித்து, புகைப்புரையில் காயவைத்தால் வரும் ஷீட் 400121. டயர் கம்பெனிகள் விரும்பும் கட்டி ரப்பர் 400122. எல்லாம் 4001 என்ற தலைப்பின் கீழ். அதே ரப்பரோடு கரிப்பொடியையோ சிலிக்காவையோ கலந்துவிட்டால் அது 400510. தலைப்பு 4005 ஆகிவிடும். பெயர் ரப்பர் கலவை. 4005 விலக்கில் இல்லை. டயருக்குள் போகும்போது எப்படியும் கரிப்பொடி சேரத்தான் போகிறது; அந்தக் கலவையைக் கப்பல் ஏறும் முன்பே செய்துவிட்டால் வரி மிச்சம்.

மத்திய அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2023 பட்ஜெட்டில் ரப்பர் கலவைக்கான வரியை 10-லிருந்து 25 சதவீதமாக உயர்த்தியபோது, சுற்றுவழி இறக்குமதியைத் தடுக்கத்தான் என்று காரணமும் சொன்னது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. ஆனால் அந்த உயர்வு பொது வரியில்தான். ஆசியான் சலுகையில் வரும் சரக்குக்குத் தனி அறிவிப்பு, தனி விகிதம். முன்வாசலில் பூட்டைப் பெரிதாக்கியதை நிதியமைச்சர் அவையில் அறிவித்தார். பின்வாசலில் கலவை வந்துகொண்டிருந்தது.

டயர்க்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 8.5 லட்சம் டன் ரப்பர் விளைகிறது. தேவை 14 லட்சம் டன். மிச்சத்துக்கு இறக்குமதியைத் தவிர வழியில்லை. அதை யாரும் மறுக்கவில்லை. பற்றாக்குறை இருக்கும் நாட்டில் விளைபொருளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதுதானே சந்தையின் பாடம்? 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாய் அளவுக்கு விற்ற ஷீட், 2016 பிப்ரவரியில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. உலக விலை வீழ்ந்தது முதல் காரணம். எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் தலையில் போட முடியாது. ஆனால் வீழ்ச்சியின்போது தாங்கிப் பிடிக்கத்தானே விலக்கு என்று ஒன்று கேட்டு வாங்கினோம்? அது பிடிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் பால்வெட்டையே நிறுத்தினார்கள். வெட்டுக்கூலிகூடத் தேறவில்லை.

இலங்கை ஒப்பந்தமும் இதே பாடத்தைச் சொன்னது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது அது. நம் பாமாயில் வரி உயரம், இலங்கையில் தாழ்வு. கொஞ்ச நாளில் இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. அவற்றில் இந்திய முதலீடும் இருந்தது. மலேசியப் பாமாயில் கொழும்பில் இறங்கி, வனஸ்பதியாகி, வரியில்லாமல் இந்தியா வந்தது. பிறகு விழித்துக்கொண்டு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்டினார்கள். மிளகுக்கு 2,500 டன். ஆசியான் வாசலில் மிளகுக்கு 50 சதவீதத்துக்குக் குறையாத வரி. இலங்கை வாசலில் அந்த வரம்புக்குள் வரியே இல்லை. வியட்நாம் மிளகு இலங்கைப் பெயரில் வருகிறது என்று குடகிலும் இடுக்கியிலும் விவசாயிகள் கொதித்தெழ, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது அரசு. ஒரு ஒப்பந்தத்தின் விலக்கை இன்னொரு ஒப்பந்தம் தின்றுவிடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பாமாயில் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அது நம்மையே சுடும். ஆசியானோடு 37.5 சதவீதமா 40-ஆ என்று ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது இந்தியா. ஆனால் 2008 ஏப்ரலில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, கச்சாப் பாமாயில் வரியைத் தானாகவே பூஜ்யமாக்கியது. விலைவாசி ஏறியதால். பிறகு ஏற்றியது, இறக்கியது. 2024 செப்டம்பரில் 20 சதவீதம் ஆக்கி, 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைத்தது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் பாமாயில் பாக்கெட் கொடுக்கிறோம். ஏழைக்கு அது தேவை என்பதில் சந்தேகமில்லை. அதே கடைக்கு எதிரே கொப்பரைக்கு விலை இல்லை என்று தென்னை விவசாயி நின்றால், அவருக்கு எந்த விலக்குப் பட்டியலைக் காட்டுவது? ஒப்பந்தம் அனுமதிக்கும் வரியைக்கூடப் போடாத அரசு, ஒப்பந்தத்தில் போராடி வென்றதாகச் சொல்வது விளம்பரம்தான்.

யாருடைய பொருள் பட்டியலில் ஏறுகிறது என்பது முழுக்க அரசியல் பலம். பால் எப்போதும் பட்டியலில் இருக்கும். ஆஸ்திரேலிய ஒப்பந்தம், ஐரோப்பாவின் நான்கு நாட்டு எஃப்டா ஒப்பந்தம், 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பால் பொருள்களுக்கு விலக்கு. 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வணிக அணியிலிருந்து இந்தியா வெளியேறியதற்கும் பால் விவசாயிகளின் எதிர்ப்பு ஒரு காரணம். கோடிக்கணக்கான வீடுகளில் மாடு இருக்கிறது. அது நியாயமான விலக்கு. பிரிட்டன் ஒப்பந்தத்தில் ஆப்பிளும் விலக்குப் பெற்றது. இமாசலமும் காஷ்மீரும் குரல் கொடுத்தன. கேரளத்தில் 2009 அக்டோபர் 2 அன்று ஆசியான் ஒப்பந்தத்தை எதிர்த்துக் காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. சங்கிலி திருவனந்தபுரத்தோடு முடிந்துவிட்டது. களியக்காவிளைக்கு இப்பால், 1956 நவம்பர் 1 வரை அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த விளவங்கோடும் கல்குளமும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2015-இல் கேரள அரசு ரப்பருக்குக் கிலோ 150 ரூபாய் உறுதி கொடுத்தபோதும் அது எல்லையோடு நின்றது. கோட்டயத்தில் ரப்பர் விலை தேர்தல் பிரச்சினை. சென்னையில் அது கடைக்கோடி மாவட்டம் ஒன்றின் பிரச்சினை.

அரசியல் சாசனமும் இதில் ஒரு குறும்பு செய்திருக்கிறது. ஏழாவது அட்டவணையில் வெளிநாட்டு ஒப்பந்தங்கள் ஒன்றியப் பட்டியலின் 14-ஆவது இனம். வேளாண்மை மாநிலப் பட்டியலின் 14-ஆவது இனம். பயிர் மாநிலத்துடையது, அதன் விலையைத் தீர்மானிக்கும் கையெழுத்து டெல்லியுடையது. கையெழுத்தாகும் வரை பட்டியல் ரகசியம். மாநில அரசும் விவசாயியும் செய்தித்தாளில்தான் பார்க்கிறார்கள். நாடாளுமன்ற ஒப்புதலும் தேவையில்லை. அமெரிக்காவில், ஐரோப்பாவில் அவைகளின் வாக்கெடுப்பு இல்லாமல் இப்படி ஒரு ஒப்பந்தம் முழுமை பெறுவது கடினம்.

இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆசியான் சரக்கு ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய 2023 ஆகஸ்டில் இரு தரப்பு அமைச்சர்களும் முடிவெடுத்தார்கள். அதன்பின் பல சுற்றுப் பேச்சு நடந்திருக்கிறது. இந்தியா அதில் எஃகு, மின்னணு, வேதிப்பொருள் என்று தன் வணிகப் பற்றாக்குறையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது. கேட்க வேண்டியவை இன்னும் சில. விலக்கு என்பது தனித்தனி எண்ணாக இல்லாமல், மூலப்பொருளும் அதன் முதல்நிலைக் கலவையும் சேர்ந்த தொகுப்பாக இருக்க வேண்டும். எந்தப் பொருளுக்கு விலக்குக் கேட்கிறோமோ அது வேறு ஒப்பந்தத்தின் வழியே நுழைகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்து அவையில் அறிக்கை வைக்க வேண்டும். ரப்பரை வேளாண் பொருளாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஜெனீவாவில் உடனே வழி பிறக்காது. ஆனால் இந்தியா தானே எழுதும் இருதரப்பு ஒப்பந்தங்களில் ரப்பரையும் தென்னை நாரையும் வேளாண் பட்டியலில் வைத்துப் பேச யார் தடுத்தார்கள்?

தமிழ்நாடு அரசும் சும்மா இருந்துவிட முடியாது. எந்தெந்த மாவட்டத்தின் பிழைப்பு எந்தெந்த ஆறு இலக்க எண்ணில் தொங்குகிறது என்று ஒரு பட்டியலை வேளாண் துறை தயாரித்து, பேச்சு நடக்கும்போதே வணிக அமைச்சகத்தின் கையில் கொடுக்க வேண்டும். குமரிக்கு அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டாது. அதில் 4001-க்குப் பக்கத்தில் 4005-ஐயும் எழுதச் சொல்லி நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டியவர் கன்னியாகுமரித் தொகுதியின் உறுப்பினர். அவரைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் நாம்.